டீசல் பஸ்ஸைச் சி.என்.ஜி.க்கு மாற்றலாமா? யாழ்ப்பாணத்தில் வாயு எங்கே நிரப்புவது? உதவி தேவை

சங்கானைப் பஸ் உரிமையாளர் (கேள்வி):

வணக்கம். யாழ்ப்பாணம் – காரைநகர் வழியில் என் பஸ் ஓடுகிறது. லேலண்ட் வண்டி, பழைய டீசல் எஞ்சின். நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் இழுக்கும்போது கரும்புகை தள்ளுகிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போதனா வைத்தியசாலை இருக்கிறது. மானிப்பாயில் வெள்ளைச் சீருடையோடு நிற்கும் பிள்ளைகள் எங்கள் பஸ் வெளிக்கிட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புகிறார்கள். பக்கக் கண்ணாடியில் அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஒருவர் சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) கிட் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். எரிபொருள் செலவு பாதியாகுமாம், புகையே வராதாம். சி.என்.ஜி. கிடைக்காத நாளில் வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரையும் அதே கிட்டில் கொழுவலாம் என்கிறார். டெல்லியில் எல்லாப் பஸ்ஸும் இப்படித்தான் ஓடுகின்றன என்று சொல்லி முற்பணம் கேட்கிறார். என் எஞ்சினில் இது சரிவருமா? வாயுவை எங்கே நிரப்புவது? எங்கள் சங்கத்தில் இன்னும் பலர் என் முடிவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

கொக்குவில் கராஜ்:

தம்பி, முற்பணம் கொடுக்க வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீதேன். அந்தச் சூட்டுக்கு அது தானாகப் பற்றாது. அதனால் கொஞ்சம் டீசலைப் பீச்சி, அந்தச் சுவாலையில் காஸை எரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் டீசலை முழுவதும் விட முடியாது. இல்லையென்றால் எஞ்சினைக் கழற்றி, டீசலைப் பீச்சும் நொசில் இருந்த இடத்தில் பிளக் வைத்து, பிஸ்டனை மாற்றி, 17, 18 என்று இருக்கும் அழுத்த விகிதத்தை 11, 12 அளவுக்கு இறக்க வேண்டும். ஒரு பின்னேரத்தில் பூட்டிவிட்டுப் போகிற வேலை அல்ல இது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல். அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சி.என்.ஜி. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. அங்கே கைவைத்தியத்துக்கு இடமில்லை.

சமையல் காஸ் வேறு சாமான். அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி.; சிலிண்டருக்குள் பத்து பாருக்கு உள்ளேதான் அழுத்தம் இருக்கும். காற்றைவிடப் பாரமானது என்பதால் கசிந்தால் பஸ்ஸின் தரையிலும் படியிலும் தேங்கி நிற்கும். மீதேன் லேசானது, மேலே போய்விடும். இரண்டுக்கும் ஒரே கிட் என்று சொல்பவரிடம் உங்கள் பயணிகளின் உயிரை ஒப்படைக்காதீர்கள். 2021 கடைசியில் நாடு முழுவதும் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளை நாங்கள் மறக்கக் கூடாது.

சென்னைப் பணிமனைத் தொழிலாளி:

அண்ணா, டெல்லியின் பெயரைச் சொல்லி உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள் என்பதால் அந்தக் கதையைச் சொல்கிறேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: 2001 மார்ச் 31க்குள் நகரப் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். கெடுவுக்குள் முடியவில்லை. தள்ளித் தள்ளி 2002 இறுதியில்தான் டீசல் பேருந்துகள் தெருவை விட்டுப் போயின. குஜராத்தின் ஹசீராவிலிருந்து வரும் குழாயில் வாயு கிடைத்த ஊர் அது. அங்கேயே நிரப்பும் நிலையங்கள் போதாமல் வண்டிகள் இரவிரவாக வரிசையில் நின்றன. சரியாக மாற்றாத சில பேருந்துகள் தீப்பிடித்தன. நீதிமன்றம் பிடித்த பிடியை விடாததால்தான் காரியம் நடந்தது. சென்னையில் 2024இல்தான் சி.என்.ஜி. பேருந்தைச் சோதனையாக ஓட்டத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் வண்டியிலுள்ள சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கிட்காரர் அதை எங்கே செய்து தருவார் என்று கேளுங்கள். காரைநகருக்குக் கடல் நடுவே போகும் பாதை இருக்கிறதே, அந்த உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சங்கானைப் பஸ் உரிமையாளர்:

இருவருக்கும் நன்றி. முற்பணம் கொடுக்கவில்லை. ஆனால் மன்னார்க் கடலில் எரிவாயு இருப்பதாகச் சொன்னார்களே? இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக் கழிவில் இருந்து காஸ் எடுத்து ஓட்ட முடியாதா? 2022இல் டீசலுக்குக் கிடந்த வரிசையை நினைத்தால் வேறு வழி ஏதாவது வேண்டும் என்று தோன்றுகிறது.

எரிவாயுத் துறைப் பொறியியலாளர்:

மன்னார்ப் படுகையில் 2011இல் இரண்டு கிணறுகளில் வாயு கண்டார்கள், டொராடோ, பரகூடா என்று பெயர். அதிலிருந்து இன்னும் ஒரு கிலோகூட வெளியே வரவில்லை. எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயு) இறக்கும் முனையமும் நாட்டில் இல்லை.

கழிவு வாயு நல்ல யோசனை, கணக்கைப் பாருங்கள். ஒரு தொன் உணவுக் கழிவில் சுமார் 100 கன மீற்றர் வாயு வரும். அதில் மீதேன் 60 சதவீதம் அளவில் இருக்கும். கரியமில வாயுவையும் எஞ்சினை அரிக்கும் ஐதரசன் சல்பைட்டையும் நீக்கி அழுத்தினால் 40 கிலோ போலத் தேறும். கிலோவுக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் என்றால், ஒரு பஸ் காரைநகருக்குச் சில தடவை போய்வரலாம். சந்தை மரக்கறியில் தண்ணீர் அதிகம், இன்னும் குறையும். ஒரு பஸ்ஸுக்காக யாரும் சுத்திகரிப்பு ஆலை கட்ட மாட்டார்கள். எல்.என்.ஜி.யைத் தாங்கியில் அடைத்துக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரலாம், தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் அது மறை 162 பாகைக் குளிரில் கிடக்கும் திரவம், செலவழிக்காமல் வைத்தால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் வாங்கி எரிக்க ஒரே டிப்போவில் பஸ்கள் பல நிற்க வேண்டும். வாயு என்பது தனி உரிமையாளரின் தீர்மானம் ஆகாது. மாகாண சபையும் போக்குவரத்துச் சபையும் உங்கள் சங்கமும் ஒரே மேசையில் இருந்தால்தான் அது தொடங்கும். அதை விடாமல் கேளுங்கள், கேட்க வேண்டிய விஷயம்தான். கரித்தூள் குறைவது நுரையீரலுக்கு உண்மையான நன்மை. ஆனால் எரியாத மீதேன் கசிந்தால் காலநிலைக்குக் கேடு. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடாக்கும்.

கொக்குவில் கராஜ்:

இனி இன்றைய புகைக்கு வருவோம். கரும்புகை என்றால் டீசல் கூடிவிட்டது, அல்லது காற்றுக் குறைந்துவிட்டது. எயார் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். நொசில்களை எடுத்து மேசையில் சோதிக்கச் சொல்லுங்கள். மூடுபனி மாதிரிப் பீச்ச வேண்டும், சொட்டினால் அதுதான் குற்றவாளி. பிறகு டீசல் பம்பைப் பாருங்கள், அளவுத் திருகை யாரும் தொடாதபடி போடும் ஈய முத்திரை இருக்கிறதா? இழுவை வேண்டுமென்று அளவுத் திருகைத் திறந்துவிடுகிற பழக்கம் எங்கள் பகுதியில் அதிகம். வால்வ் இடைவெளியும் பம்ப் டைமிங்கும் கடைசி. கழிவு எண்ணெயைத் தரையில் ஊற்றவிடாதீர்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை எல்லோரும் பார்த்தோம்.

சங்கானைப் பஸ் உரிமையாளர்:

செய்து பார்த்தேன் அண்ணை. எயார் கிளீனரைத் தட்டியதும் செம்மண் கொட்டியது. நொசில்களில் இரண்டு, நுனியில் கரி கட்டி, மெழுகுதிரி உருகுவதுபோலச் சொட்டின, புதிது போட்டோம். பம்பில் முத்திரையே இல்லை, திருகு வெளியே வந்திருந்தது. மேசையில் வைத்து அளவை இறக்கினார்கள். இப்போது வெளிக்கிடும்போது மெல்லிய சாம்பல் நிறம் மட்டும்தான். ஆனால் ஆள் நிறைந்தால் இழுவை குறைவு என்று சாரதி குறைப்படுகிறார். திருகைக் கொஞ்சம் திறக்கலாமா?

கொக்குவில் கராஜ்:

திறக்க வேண்டாம். பம்ப் மேசையில் தயாரிப்பாளரின் அளவுக்கு வைத்ததென்றால் அதுவே அந்த எஞ்சினின் பலம். புது முத்திரை போட்டார்களா என்று பாருங்கள். ரயர்க் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, கிளச் வழுக்குகிறதா என்று சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் சாரதியை ஒரு கியர் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். சங்கத்தில் மற்றவர்களும் நொசிலைக் கழற்றிக்கொண்டு வரலாம், சேர்த்துச் செய்தால் கூலியைக் குறைத்துத் தருகிறேன்.