மறுமொழி: சட்டை அச்சுக்கு முன் தெளிக்கும் கரைசல் – ‘முன்பதம்’ பொருந்துமா?

வணக்கம். டீ-சர்ட்டில் நேரடியாக அச்சிடுவதற்கு முன் துணியில் தெளிக்கும் கரைசலுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘முன்சிகிச்சைக் கரைசல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்றே தோன்றுகிறது. சிகிச்சை என்றதும் நோய்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே அச்சு நன்றாகப் பிடிக்கத் துணியைத் தயார் செய்கிறோம், அவ்வளவுதான்.

> சாயத் தொழிலில் ‘நிறமூன்றி’ ஏற்கெனவே இருக்கிறதே. அதையே எடுத்தாளலாம்.

இதைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். சொல் அழகானது, ஆனால் அது செய்யும் வேலை வேறு. படிகாரம் போன்ற நிறமூன்றி, நீரில் கரைந்த சாயத்தை இழையோடு பிணைத்து நிறுத்துகிறது. டீ-சர்ட்டில் நேரடியாக அச்சிடும் இயந்திரத்தில் ஓடுவதோ நிறமி மை. நிறமி நீரில் கரையாது, நுண்துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். கரைசலில் உள்ள கால்சியம் உப்பு பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு, துணியின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. மை உள்ளே இறங்காமல் தடுப்பதுதான் இங்கே முக்கியம்.

கறுப்புச் சட்டையில் இது கண்கூடாகத் தெரியும். அதில் முதலில் வெள்ளை மை அடித்து, அதன் மேல்தான் மற்ற நிறங்களை அடிக்கிறார்கள். கரைசல் படாமல் விட்டுப்போன இடத்தில் வெள்ளை மை இழைகளுக்குள் இறங்கிச் சாம்பலாகத் தெரியும்; மேலே வரும் சிவப்பும் மஞ்சளும் சோர்ந்து போகும். வெளிர்நிறப் பருத்திச் சட்டைக்கு வெள்ளை மை தேவையில்லை என்பதால் கரைசல் இல்லாமலே அச்சிடுவதும் உண்டு.

‘முன்பூச்சு’ என்பதை ஒருவர் சொல்லியிருந்தார். மோசமில்லை. ஆனால் பூச்சு என்றால் மேலே ஒரு படலம் மட்டும்தான். இங்கே கரைசலைத் தெளித்து, உருளையால் தேய்த்து, அப்புறம் சூடான தட்டில் அழுத்தி உலர்த்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் துருத்தி நிற்கும் பஞ்சிழைகளும் படிந்துவிடும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த வேலை.

அதனால் என் பரிந்துரை ‘முன்பதம்’. செயலுக்கு முன்பதமிடுதல், பொருளுக்கு முன்பதக் கரைசல். பதம் என்ற சொல்லுக்குள்ளேயே அளவு இருக்கிறது. இந்த வேலையில் எல்லாமே அளவுதான். கரைசல் கூடினால் சட்டை விறைத்துப் போகும், அச்சைச் சுற்றிக் கட்டமாகக் கறை தெரியும். குறைந்தால் வெள்ளை மங்கும். ஈரம் மிச்சமிருந்தால் மை சரியாக ஒட்டாது, துவைக்கும்போது உரிந்து வரும். மூன்றையுமே ‘பதம் தப்பிவிட்டது’ என்று சொல்லிவிடலாம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

> ‘தோல் பதனிடுதல்’ என்பதோடு குழம்பாதா?

குழம்பாது. ‘பதனிடு’ தோலோடு நன்றாக ஒட்டிவிட்ட வினை. நாம் ‘பதமிடு’ என்கிறோம், முன்னொட்டும் இருக்கிறது. அந்த ‘முன்’ அவசியம். அச்சிட்ட பிறகு மையை உறுதிப்படுத்த இன்னொரு முறை சூடேற்றுகிறார்கள், அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

கூட்டுச்சொல்லுக்கும் வளைந்து கொடுக்கிறது. பாலியெஸ்டருக்குத் தனிக் கரைசல் உண்டு. ‘பாலியெஸ்டர் முன்பதக் கரைசல்’ என்று தடங்கலின்றிச் சொல்ல வருகிறது.

வேறு மறுப்பு இல்லையென்றால் இதையே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம். கூடவே இரண்டு சொற்கள்: நிறங்களுக்கு அடியில் போடும் வெள்ளைக்கு ‘அடிவெள்ளை’, கரைசல் மிகுந்து விழும் கட்டக் கறைக்குப் ‘பதக்கறை’. இரண்டாவது சொல் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. அச்சுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடலாம்.