ஒன்றரை மீட்டர் டிஜிட்டல் கோஆக்ஸ்: கூடுதல் காசு எங்கே போகிறது?

நிலாமுற்றம்:
நெட்ல இருந்து பாட்டை எடுத்துத் தர்ற ஸ்ட்ரீமர்ல இருந்து, டிஜிட்டல் சிக்னலை அனலாக்கா மாத்தற டேக்குக்கு (DAC) ஒன்றரை மீட்டர் டிஜிட்டல் கோஆக்ஸ் கேபிள் வேணும். கடையில வெள்ளி பூசின கேபிளைக் காட்டறாங்க, விலை 30,000 ரூபாய்க்கு மேல. பெல்டன் கம்பெனியோட 1694ஏ கோஆக்ஸ் வயர்ல செஞ்சு வாங்கினா அதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது. டேக்ல ஆர்சிஏ, பிஎன்சி (ரெண்டும் கோஆக்ஸ் சாக்கெட்), டாஸ்லிங்க் (ஒளியில போறது), யூஎஸ்பி எல்லாமே இருக்கு. கூடுதல் காசு எதுக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெள்ளித்தந்தி:
‘பிட் போய்ச் சேர்ந்தால் போதும்’ என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கோஆக்ஸும் டாஸ்லிங்க்கும் பயன்படுத்தும் எஸ்பிடிஐஎஃப் இணைப்பில் கடிகாரத்துக்கு, அதாவது ஒவ்வொரு பிட்டின் நேரத்தைக் காட்டும் துடிப்புக்கு, தனிக் கம்பி கிடையாது. பைஃபேஸ் மார்க் என்ற குறியீட்டு முறையில் தரவும் கடிகாரமும் ஒரே அலையாகப் போகின்றன. அலை ஏறி இறங்கும் விளிம்பை வைத்துத்தான் டேக் நேரத்தைப் பிடிக்கிறது. விளிம்பு முன்பின் ஆடினால் அதுதான் ஜிட்டர்.

இந்த இணைப்புக்கு வகுத்த மின்மறுப்பு (impedance) 75 ஓம். கேபிள் அந்த அளவில் இல்லையென்றால் சிக்னலில் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பும். 50 ஓம் வயரை மாட்டினால் 20 சதவீதம் திரும்புகிறது. ஆர்சிஏ பிளக்கோ 75 ஓமுக்காக வடிவமைத்ததே இல்லை. ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் வாங்கச் சொல்வதும் இதனால்தான்: அரை மீட்டர் என்றால், விளிம்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிரொலி வந்து மோதும். அளவு பிசகாமல் செய்த கேபிளுக்கு விலை கொடுப்பதில் தப்பே இல்லை.

ஈயப்பற்று:
கணக்கைப் போட்டே பாத்துடலாம் சார். 44.1 கிலோஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 44,100 மாதிரி) ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது இடது வலது மாதிரி ஒரு ஜோடிக்கு, 64 பிட். பைஃபேஸ்ல ஒவ்வொரு பிட்டும் ரெண்டு பாதி, ஒரு பாதி 177 நானோ செகண்ட். 1694ஏ-ல சிக்னல் ஒளி வேகத்துல 82 சதவீதத்துல ஓடுது, அதாவது மீட்டருக்கு 4 நானோ செகண்ட். ஒன்றரை மீட்டர் போய்த் திரும்ப 12. அடுத்த விளிம்பு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே எதிரொலி அடங்கிடும்.

தன் விளிம்பையே அது கொஞ்சம் தள்ளினாலும், எல்லா விளிம்பையும் ஒரே அளவுலதான் தள்ளும். அது தாமதம், ஜிட்டர் இல்லை. 192 கிலோஹெர்ட்ஸுக்குப் போனாலும் பாதி 40.7 நானோ செகண்ட், அப்பவும் இடம் இருக்கு. நீளம் 10 மீட்டரைத் தாண்டினா பேச்சு வேற.

50 ஓம் கணக்குலயும் பாதிதான் சொல்லியிருக்கீங்க. டேக்ல பட்டுத் திரும்பற 20 சதவீதம் ஸ்ட்ரீமர் முனையில மறுபடி மோதி வரும்போது அதுல 20 சதவீதம்தான் மிஞ்சும். ஆக 4 சதவீதம். ஆர்சிஏ பிளக் நீளம் ரெண்டு சென்டிமீட்டர். 192-ல பாதி பிட்டுகளோட வேகம் கிட்டத்தட்ட 25 மெகாஹெர்ட்ஸ், அதுல இந்த வயருக்குள்ள அலைநீளமே 10 மீட்டர்கிட்ட. அந்த ரெண்டு சென்டிமீட்டருக்காக யாரும் காசு கொட்ட வேண்டியதில்லை.

வெள்ளித்தந்தி:
எதிரொலி விஷயத்தில் தாமதத்தையும் ஜிட்டரையும் நான் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரைச்சலை விட்டுவிட்டீர்களே. கோஆக்ஸ் சிக்னல் அரை வோல்ட்தான். அது 10 நானோ செகண்டில் ஏறுகிறது என்று வையுங்கள்: ஒரு நானோ செகண்டுக்கு 50 மில்லிவோல்ட். கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டு வழியே 5 மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தாலே விளிம்பு 100 பிகோ செகண்ட் நகர்கிறது. டேக்குக்குள் இந்தச் சிக்னலை வாங்கும் டிஐஆர்9001 ரிசீவர் சிப்பின் சொந்த ஜிட்டரே 50 பிகோ செகண்ட்தான். நல்ல சிப் வாங்கி, கேபிளால் அதைக் கெடுக்கலாமா?

ஈயப்பற்று:
இந்தக் கேள்வி சரியான கேள்வி. ஆனா பதில் கேபிள் விலையில இல்லை. 1694ஏ-லயே ஃபாயிலும் அதுக்கு மேல 95 சதவீதம் மூடற செம்புப் பின்னலும் இருக்கு. வெளியில இருந்து வர்ற இரைச்சலுக்கு அது தாராளம். நீங்க சொல்ற இரைச்சல் பெரும்பாலும் எர்த் லூப், அதாவது ரெண்டு பெட்டியோட எர்த்தும் கேபிளால சேர்ந்து ஒரு வளையமாகி அதுல ஓடற கரண்ட். அந்தக் கரண்ட் ஷீல்டு வழியாவேதான் ஓடுது. ஷீல்டு எவ்வளவு நல்லதோ அவ்வளவு சுலபமா ஓடும்.

அதைத் துண்டிக்கறது பெட்டிக்குள்ள இருக்கற பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், அது நேரடி மின்தொடர்பு இல்லாம சிக்னலை மட்டும் கடத்தும். அது இருக்கான்னு இப்படிப் பாக்கலாம். ரெண்டு பெட்டியையும் பிளக்கைப் பிடுங்கி, எல்லா கேபிளையும் கழட்டிட்டு மல்டிமீட்டரை பஸ்ஸர்ல வைங்க. ஒரு முனை கோஆக்ஸ் சாக்கெட்டோட வெளி வளையத்துல, இன்னொண்ணு அனலாக் சாக்கெட்டோட வெளி வளையத்துல. ரெண்டு பெட்டியிலயும் பீப் அடிச்சா, கேபிளை மாட்டினதும் ரெண்டோட எர்த்தும் ஒண்ணாகிடும். ஒண்ணுலயாவது பீப் வரலைன்னா அந்த வழி அடைஞ்சிருக்கு.

அளவுகோல்:
இருவர் சொல்வதையும் வீட்டிலேயே அளக்கலாம். ஜிட்டரை வெளிக்காட்ட ஜூலியன் டன் வகுத்த ஜே-டெஸ்ட் என்ற சோதனைக் கோப்பை 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். 11.025 கிலோஹெர்ட்ஸ் தொனியும், அதனடியில் 229.7 ஹெர்ட்ஸில் மாறும் ஒற்றை பிட்டும் அதில் இருக்கும். டேக்கின் அனலாக் வெளியீட்டை நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸில் பதிவுசெய்து எஃப்எஃப்டி (அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) போடுங்கள். 1 நானோ செகண்ட் ஜிட்டர் இருந்தால் தொனியின் இருபுறமும், தொனியோடு ஒப்பிட்டால் மைனஸ் 89 டெசிபலில், சிறு முனைகள் (கிளைகள்) நிற்கும். 100 பிகோ செகண்ட் என்றால் மைனஸ் 109. கேபிளை மாற்றி மறுபடி எடுங்கள். கிளைகள் அசையவில்லையென்றால் டேக் தன் வேலையைச் செய்கிறது. ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் சபர் சிப் உள்ள டேக்குகளில் மறுகடிகாரம் (வந்த தரவைச் சொந்தக் கடிகாரத்தில் புதிதாக நேரப்படுத்துவது) உள்ளேயே நடப்பதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பழைய டேக்குகளில் அசையக்கூடும்.

காதால் ஒப்பிட்டால், எந்தக் கேபிள் என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் 16 முறை மாற்ற வேண்டும். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு 3.8 சதவீதம். 12-க்குக் குறைந்தால் எதையும் முடிவுசெய்ய முடியாது.

நிலாமுற்றம்:
நன்றி. டிஷ் ஆன்டெனாவுக்குப் போடற ஆர்ஜி-6-ம் 75 ஓம்தானே, அதை வெச்சே செய்யலாமா? டாஸ்லிங்க் போட்டா எர்த் பிரச்சினையே இல்லையே?

ஈயப்பற்று:
ஆர்ஜி-6 வேலை செய்யும். நடுக்கம்பி செம்பு பூசின இரும்பா இருந்தாலும் இந்த அதிர்வெண்ல கரண்ட் மேல்தோல்லதான் ஓடும். சிக்கல் வேற. பின்னல் பெரும்பாலும் அலுமினியம், அதுல ஈயம் ஒட்டாது. ஆர்சிஏ பிளக்கை நேரா பத்த வைக்கப் பாத்தா நடுவுல இருக்கற ஃபோம் உருகி, கம்பி ஒரு பக்கமா சாஞ்சு, அந்த இடத்துல 75 ஓம் போயிடும். டிஷ் வயருக்கான எஃப் கனெக்டரை கம்ப்ரஷன் டூல்ல அழுத்தி, ஆர்சிஏ அடாப்டர் போடுங்க. வயர் விறைப்பா இருக்கறதால சாக்கெட்டை இழுக்கும், வளைவு விட்டு மாட்டுங்க.

1694ஏ-ன்னா கிரிம்ப் பிஎன்சி, அதாவது டூல்ல அழுத்தி மாட்டற பிஎன்சி பிளக். வாங்கும்போது உள்ள எட்டிப் பாருங்க. 50 ஓம் பிளக்ல பின்னைச் சுத்தி வெள்ளை பிளாஸ்டிக் நிறைஞ்சிருக்கும், 75 ஓம்ல அந்த இடம் பெரும்பாலும் காலியா இருக்கும்.

டாஸ்லிங்க் எர்த்தைத் துண்டிக்கும். ஆனா பல டேக்ல 96 கிலோஹெர்ட்ஸோட நின்னுடும், கூர்மையா மடிச்சா ஒளி குறையும்.

வெள்ளித்தந்தி:
டாஸ்லிங்கை இத்தனை சுலபமாகப் பரிந்துரைக்காதீர்கள். எல்இடியும் ரிசீவரும் மந்தமானவை. முந்தைய பிட் எது என்பதைப் பொறுத்து விளிம்பு நகர்கிறது. எல்லா விளிம்பும் ஒரே அளவு தள்ளப்பட்டால்தான் அது தாமதம் என்றீர்கள். இங்கே தள்ளும் அளவு மாறுகிறது, ஆகவே இது ஜிட்டரேதான்.

அளவுகோல்:
அது சரி. ஜே-டெஸ்ட்டில் 229.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கிளைகள் எழுவது அப்படிப்பட்ட பிட் சார்ந்த ஜிட்டரைக் காட்டத்தான். டாஸ்லிங்கில் ஒரு பதிவு, கோஆக்ஸில் ஒரு பதிவு எடுத்துப் பாருங்கள்.

வெள்ளித்தந்தி:
எடுக்கும்போது, டிவி பெட்டியும் இதே அமைப்பில் சேர்ந்திருந்தால், அதன் எச்டிஎம்ஐ வயரும் டிஷ் வயரும் மாட்டியே இருக்கட்டும். கழற்றிவிட்டு அளந்தால் எர்த் லூப்பே தெரியாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அடுக்குகள் (50, 100, 150 என்று வரும் முனைகள்) கோஆக்ஸில் மட்டும் எழுந்தால், நிலாமுற்றம் அந்த 30,000-ஐக் கேபிளில் போட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்று போதும் என்று நானே சொல்கிறேன்.