சுவரைத் தடவிப் பார்த்த முதியவர்

பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தை நான் முதன்முறை பார்த்தது பள்ளி நாட்களில், தொலைக்காட்சியில். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கடன் மனுவும் செங்கல் கணக்குமாகவே நகர்கிறதே என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டேன். பல ஆண்டுகள் கழித்து, எங்கள் வீட்டு வேலை கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோயிருந்த மாதங்களில் மறுபடி பார்த்தபோது, அர்ச்சனாவின் முகத்தில் என் அம்மாவைக் கண்டேன்.

வீடு கட்டப் போராடும் சுதாவாக வரும் அர்ச்சனா எந்தக் காட்சியிலும் துயரத்தை நமக்கு எடுத்துக் காட்ட முயல்வதில்லை. ஒப்பனையற்ற அந்த முகத்தில் அலுப்பு சிறிது சிறிதாகப் படிகிறது. தொடக்கத்தில் தங்கையிடமும் தாத்தாவிடமும் இயல்பாகச் சிரித்தவள், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள் என்று நம்மால் சுட்டிச் சொல்ல முடியாதபடி அந்த மாற்றம் நிகழ்கிறது. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். மேஸ்திரி வராத நாட்களில் அவர் யாரிடமும் கோபப்படவில்லை, பேச்சைத்தான் குறைத்துக்கொண்டார். மட்டக்களப்பில் தம் சிறுவயதில் வீடு கட்டியபோது தாய் மாறிப்போனதைக் கண்டதே இப்படத்துக்கு விதை என்று பாலுமகேந்திரா சொல்லியிருப்பதைப் பின்னாளில் அறிந்தபோது, அந்த நடிப்பு ஏன் என்னை அவ்வளவு நெருங்கியது என்பது விளங்கியது. இப்படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அர்ச்சனாவுக்குக் கிடைத்தது முற்றிலும் பொருத்தமே.

ஆயினும் என் மனத்தில் முதலில் நிற்பவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர்தான். தாத்தா தனியே புறப்பட்டு, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருகிறார். நாடக மேடையில் வளர்ந்த ஒரு கலைஞர், குரலையும் கையசைப்பையும் முழுக்க ஒதுக்கிவைத்துவிட்டு, பூசாத சுவரை உள்ளங்கையால் தடவுவதிலும் கட்டி முடியாத அறைக்குள் மெல்ல அடியெடுத்து வைப்பதிலும் ஒரு வாழ்நாள் ஆசையைச் சொல்லிவிடுகிறார். ஒளிப்பதிவையும் தாமே செய்த இயக்குநர் அவசரப்படாமல் அவரைப் பின்தொடர்கிறார். கட்டி முடித்த வீட்டைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது தெரிந்த பின் அக்காட்சியை என்னால் கண்கலங்காமல் பார்க்க முடிந்ததில்லை.

கான்ட்ராக்டர் பாத்திரம் மட்டும் சற்று ஒற்றைப் பரிமாணமாகத் தீட்டப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றும். சித்தாள் மங்கம்மாவாக வரும் 'பசி' சத்யா அக்குறையை ஈடுசெய்துவிடுகிறார். சிமென்ட் திருட்டை அவர் சுதாவிடம் சொல்லும் விதத்தில் நியாய உணர்வும், பிழைப்பு போய்விடுமோ என்ற அச்சமும் ஒருங்கே தெரிகின்றன.

'ஹௌ டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்தாளப்பட்ட இளையராஜாவின் இசைகூட, அழு என்று நம்மைத் தூண்டுவதில்லை. எங்கள் வீடு ஒருவழியாக முடிந்து, பால் காய்ச்சிய அன்று மாலை, விருந்தினர் போன பிறகு அம்மா கூடத்துச் சுவரில் கையை வைத்து நெடுநேரம் நின்றார். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.