மஸ்டாங் காட்டுக்குதிரையா? 'ஃபெரல்' என்பதற்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

வளர்ப்பிலிருந்து விலகி மீண்டும் காட்டு வாழ்வுக்குப் போய்விட்ட விலங்கை ஆங்கிலத்தில் 'ஃபெரல்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், அமெரிக்காவில் கட்டின்றித் திரியும் மஸ்டாங் குதிரையை 'காட்டுக்குதிரை' என்றே எழுதிவிடலாம் என்று நேற்றைய மடலில் கண்டேன். எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் கண்டங்களில் குதிரையினம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிற்று. 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கப்பலேறி வந்தவை வளர்ப்புக் குதிரைகள். பின்னர் ஸ்பானியர் கொண்டுவந்தவற்றில் தப்பியும் களவுபோயும் பெருகியவற்றின் வழிவந்தவையே மஸ்டாங்குகள். ஆஸ்திரேலியாவில் திரியும் பிரம்பிக் குதிரைக்கும் கதை ஏறக்குறைய இதுதான். இலங்கையின் நெடுந்தீவுக் குதிரைகளும் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்களாகவே கருதப்படுகின்றன. பாட்டன் சேணம் சுமந்தான், பேரன் சேணத்தைக் கண்டதில்லை. அந்தப் பேரனுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இந்தப் பெயரில் சச்சரவும் உண்டு. அமெரிக்காவின் 1971ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் மஸ்டாங்கைக் காட்டு விலங்காகவே பெயரிட்டு அழைக்கிறது. அதை மேய்ச்சலுக்குப் போட்டியாகப் பார்ப்பவர்கள் 'ஃபெரல்' என்கிறார்கள். இரண்டு சொற்களும் கைவசம் இல்லாமல் அந்தச் சண்டையைத் தமிழில் எழுதவே முடியாது.

ஈழத்து வழக்கான 'கட்டாக்காலி' எனக்கு மிகவும் பிடித்த சொல். காலி என்றால் கால்நடை, கட்டாத காலி. மஸ்டாங் என்பதன் மூலமான 'மெஸ்தெஞோ' என்ற ஸ்பானியச் சொல்லும் உரிமையாளரற்றுத் திரியும் கால்நடையைக் குறித்ததே. அவர்கள் சொல் பொருள் மாறியதுபோல் நம்முடையதும் மாறலாமே என்று கேட்கலாம். ஆனால் கட்டாக்காலி இன்றும் செய்திகளில் நாள்தோறும் புழங்குகிறது. அந்த மாட்டுக்கு வீடு உண்டு, பிடித்துக் கட்டினால் உரிமையாளர் தேடி வருவார். அச்சொல்லை அங்கேயே விட்டுவைப்போம்.

இங்கு வந்த 'காடேறிய குதிரை' என்ற முன்மொழிவைப் படித்ததும் காட்டேரிதான் கண்முன் வந்தது! 'கட்டறுத்த குதிரை'யும் பொருந்தாது. இந்தக் குட்டி எந்தக் கட்டையும் அறுக்கவில்லை.

என் முன்மொழிவு 'காடுமீள் குதிரை'. வினைத்தொகை என்பதால் மீண்டதற்கும் மீள்வதற்கும் இடம் இருக்கிறது. மஸ்டாங் வாழ்வது புல்வெளியில்தானே என்பார்கள். நம் 'காடு' மரமடர்ந்த வனத்துக்கு மட்டும் உரிய சொல்லா என்ன? முல்லைக்காடும் கரிசல்காடும் காடுதான். காடுமீள் பன்றி, காடுமீள் பூனை என்று மற்ற விலங்குகளுக்கும் இது நீளும்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. உலகில் எஞ்சிய ஒரே உண்மையான காட்டுக்குதிரை என்று மங்கோலியாவின் பிரெசுவால்ஸ்கி குதிரையைத்தான் சொல்லிவந்தோம். அதுவும் கஜகஸ்தானில் பழங்காலத்தில் வாழ்ந்த போட்டாய் மக்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்தது என்று 2018இல் ஒரு மரபணு ஆய்வு வெளியாயிற்று. போட்டாய்க் குதிரைகள் வளர்ப்புக் குதிரைகளே அல்ல என்று பிறகு மறுப்பும் எழுந்தது. அது தீரும்வரை மங்கோலியர் இட்ட 'தாகி' என்ற பெயரையே எழுதுவோம். காட்டுக்குதிரை, காடுமீள் குதிரை என்ற எந்தப் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டாம்.