திங்கட்கிழமை 6–7.30 முகூர்த்தம், நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மன்னார்குடி தம்பி:
வணக்கம். ஆவணியில் தங்கை கல்யாணம். திங்கட்கிழமை காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம், ஏழரைக்கு ராகு காலம் வந்துவிடும். தாலி கட்டுவது தள்ளிப்போய்விடுமோ என்று அப்பாவுக்கு இப்போதே தூக்கமில்லை. பாத பூஜை, கன்னிகாதானம் எதையும் சுருக்கக் கூடாது என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். போட்டோக்காரரோ மணமேடையில் அரை மணி நேரம் தனியாக வேண்டும் என்கிறார். எங்கே இடிக்கும்? முன்னால் நின்று நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

மாயவரம் அக்கா:
தம்பி, தாலி கட்டுவது 7 மணி என்று முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அப்படிச் செய்தால் தீவலம், அம்மி, அருந்ததி மூன்றும் ராகு காலத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

போன தையில் எங்கள் வீட்டில் நேரம் போனது மந்திரத்தில் இல்லை, புடவையில். கூறைநாடு எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கூறைப்புடவைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்துதான், ஆனால் அதைக் கட்டிக்கொண்டு வர உள்ளே போன பெண் வெளியே வர 35 நிமிடம் ஆனது! ரவிக்கைக் கொக்கி ஒன்று தெறித்துவிட, ஊசி நூல் தேடி மூன்று பேர் அறை அறையாக ஓடினார்கள். புடவை கட்டிவிடத் தெரிந்த ஒருவர் மட்டும் உள்ளே போதும், மற்றவர்களை வெளியே நிறுத்துங்கள்.

அந்த நேரத்திலேயே தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பிவிடுங்கள். நானூறு பேர் தொட்டுக் கும்பிடக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவி அதற்காகத்தான் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்.

தவில் வீட்டுப் பிள்ளை:
ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு, பரம்பரையாக மேளம். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஐயர் கையைத் தூக்கினால்தான் எங்களுக்குக் கெட்டிமேளம். இப்போது கேமராக்காரர்கள் நாலைந்து பேர் மேடையை மறைத்து நின்றுவிடுகிறார்கள், கை தெரிவதே இல்லை. ஒரு கல்யாணத்தில் நாத்தனார் இரண்டாவது முடிச்சுப் போடும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மேடைக்கும் மேளத்துக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வழி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாய்மாமன் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தித் துண்டை அசைக்கச் சொல்லுங்கள். நடுவில் நேரம் மிஞ்சினால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டாம். கல்யாணி ராகத்தை எடுத்து, பெண் வரும் வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மன்னார்குடி தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி தம்பி. புடவை விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. சரி, போட்டோ?

மாயவரம் அக்கா:
அருந்ததி பார்த்து முடித்ததும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 7.30க்கே முதல் பந்தியைப் போட்டுவிடச் சொல்லுங்கள். போட்டோ முடியட்டும் என்று பந்தியை நிறுத்தினால் மேடையில் வரிசையும் நகராது, வெளியூர்க்காரர்கள் பசியோடு பஸ் ஏறிவிடுவார்கள். போட்டோவுக்கு நடுவில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் யாராவது ஒரு டம்ளர் பால் கொண்டுபோய்க் கொடுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்த பிள்ளைகள்.