பெரிய வீட்டு ஆளுங்க: கோயில் கிரவுண்ட் புல்லு

செவ்வாய்

திலகா அக்கா 18:04
எல்லாருக்கும் வணக்கம். கோயில் தலைவர் இப்பதான் வந்துட்டுப் போறாரு. திருவிழாவுக்கு வெள்ளிக்கிழம கரகம் பாலிக்கிறாங்க. கிரவுண்ட் புல்லு இந்த வருஷமும் நம்ம குடும்பத்து வேலதானாம். முழங்கால் அளவுக்கு நிக்குது.

பாபு 18:06
தாத்தாவோட புல்லு வெட்டுற குட்டி டிராக்டர் இருக்குதானே

திலகா அக்கா 18:06
இருக்கு. ஸ்டார்ட் வராது

லெட்சுமி அத்தை 18:07
கடைசியா கொண்டுபோனது யாருன்னு கேளு

பாபு 18:07
ஆரம்பிச்சிட்டாங்க

லெட்சுமி அத்தை 18:08
நான் யாரு பேரும் சொல்லல

சிவா மாமா 18:11
ஸ்டார்ட் வராதுன்னு மொட்டையா சொன்னா எப்படி. சாவி திருப்பினா எஞ்சின் சுத்துதா? டக்குனு ஒரு சத்தம் மட்டும் வருதா? ஒண்ணுமே இல்லையா? மூணும் மூணு வியாதி.

திலகா அக்கா 18:13
ஒண்ணுமே இல்ல மாமா. சீட்டுக்கு கீழ பெட்டரியே காணோம்

கனடா குமார் 18:13
ஹாஹாஹா

லெட்சுமி அத்தை 18:14
இப்ப பேர் சொல்லவா

சிவா மாமா 18:22
சண்டைய திருவிழா முடிஞ்சு வைங்க. பெட்டரி வர்ற வரைக்கும் மத்த வேல பாக்கலாம். பாபு, மொதல்ல பிளக் வயரக் கழட்டி ஓரமா ஒதுக்கு. அது கழட்டாம பிளேட் பக்கம் கை போகக் கூடாது. அடுத்தது ஒயில் குச்சிய எடுத்து மோந்து பாரு. பெட்ரோல் வாடை அடிச்சாலோ, அளவு ஃபுல் கோட்டுக்கு மேல நின்னாலோ, காபுரேட்டர் நீடில் சரியா அடைக்கலன்னு அர்த்தம். டேங்க் மேல இருக்கிறதால பெட்ரோல் சொட்டுச் சொட்டா எஞ்சினுக்குள்ள எறங்கி ஒயில தண்ணியாக்கிடும். அதோட ஓட்டினா கனெக்டிங் ராட் கடிச்சுப் புடிச்சிரும்.

பாபு 18:40
வாடை அடிக்குது. கோட்டுக்கு மேல ஒரு விரல்

சிவா மாமா 18:41
நெனச்சேன். ஒயில முழுசா எறக்கு.

பாபு 18:42
எவ்வளவு ஊத்தணும்? பெட்ரோல்ல 2டி ஒயிலும் கலக்கணுமா?

சிவா மாமா 18:47
ஐயோ கலக்காத. அது ஃபோர் ஸ்ட்ரோக். 2டி கலக்குறது தோள்ல மாட்டிப் புல்லு வெட்டுற மிஷினுக்கு. 25க்கு 1ன்னா லீட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1ன்னா 20 மில்லி, எதுன்னு அந்த மிஷின்லயே எழுதியிருக்கும். இதுக்கு எஞ்சின் ஒயில் எஸ்ஏஈ 30. சுமார் 1.4 லீட்டர் புடிக்கும், ஆனா 1.2 ஊத்திட்டு குச்சி பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. எஞ்சின் மூடில மொடல் நம்பர் அடிச்சிருக்கும், பாரு. 28ல தொடங்கினா 28 கன அங்குலம், ஏறக்குறைய 460 சிசி. பக்கத்துல கோட் நம்பர்ல மொத ரெண்டு இலக்கம் வருஷம்.

பாபு 18:55
28. கோட் 91ல தொடங்குது

கனடா குமார் 18:56
என்னை விட மூத்தது

லெட்சுமி அத்தை 18:57
பங்களா ஏலத்துல அப்பா எடுத்தது. அப்ப எல்லாரும் சிரிச்சாங்க

திலகா அக்கா 19:01
மாமா டேங்க்ல பாதி பெட்ரோல் இருக்கு, அதையே போடலாமா

சிவா மாமா 19:02
எந்தக் காலத்துது

பாபு 19:02
கியூஆர் காட்டி பெட்ரோல் வாங்கின காலத்துது

சிவா மாமா 19:09
கீழ ஊத்து, இல்ல, கேன்ல எடுத்து வை, உருப்படி கழுவலாம். பழைய பெட்ரோல் காய்ஞ்சு அரக்கு மாதிரி ஜெட்ல, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டையில, ஒட்டிரும். காபுரேட்டருக்கு அடியில கிண்ணம் மாதிரி இருக்குல்ல, அதப் புடிச்சிருக்கிற போல்ட்டக் கழட்டு. சில மொடல்ல அந்த போல்ட்டுலயேதான் மெயின் ஜெட் ஓட்டை இருக்கும், சும்மா போல்ட்டுன்னு நெனச்சு தூக்கிப் போட்டுறாத. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா அந்தப் பக்கம் தெரியணும். குத்துறதுக்கு ஊசி வேணாம், ஓட்டை பெருத்துடும். மெல்லிசு செப்பு வயர் ஒண்ணு, இல்லாட்டி கிளீனர் ஸ்ப்ரே. போல்ட்டு இருக்கிற எடத்துல வயரோட ஒரு சொலனொய்ட் (பெட்ரோல அடைச்சுத் தொறக்கிறது) இருந்தா, சாவி போட்ட உடனே டிக்னு சத்தம் வரணும். பெட்டரி வீக்கா இருந்தா அது தொறக்காது. எஞ்சின் சுத்தும், புடிக்காது. நிறையப் பேர் அதுல ஏமாந்து காபுரேட்டரையே மாத்துவாங்க.

திலகா அக்கா 19:12
சேலை கலர் மஞ்சளா சிவப்பா? அதையும் யாராவது சொல்லுங்க

லெட்சுமி அத்தை 19:12
சிவப்பு

மாலா சித்தி 19:13
போன வருஷம் சிவப்பு

புதன்

பாபு 10:20
(போட்டோ) மேல் மூடியக் கழட்டினேன். எலிக்கூடு. உர பேக் நூலும் பஞ்சும்

கனடா குமார் 10:21
குடும்பமே இருக்கும் போல

சிவா மாமா 10:26
அத சுத்தமா எடு. சிலிண்டர் இறகுக்கு நடுவுல ஒரு நூல் கூட நிக்கக் கூடாது, காத்து போகாட்டி எஞ்சின் கொதிச்சிடும். மூடியோட உள்பக்கம் போற மெல்லிசு கறுப்பு வயரப் பாரு, எலி கடிச்சு எஞ்சின் உடம்புல பட்டிருந்தா ஸ்பார்க்கே வராது. பிளக் இடைவெளி 0.76 மில்லிமீட்டர். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல 0.25லருந்து 0.35 மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாட்டி ஒரு விசிட்டிங் கார்ட சொருகி, காந்தம் இழுத்துப் புடிச்ச பிறகு ஸ்க்ரூவ இறுக்கு. கல்யாணக் கார்ட் போட்டுறாத, தடிப்பு.

லெட்சுமி அத்தை 10:31
அந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்கு கார்டே வரல

மாலா சித்தி 10:33
கார்ட் குடுத்தது உங்க தம்பிகிட்ட

கனடா குமார் 10:40
இங்க என்கிட்டயும் இந்த மாதிரி ஒண்ணுதான். கோடையில பிளேட் இருக்கிற டெக், குளிர் வந்தா டெக்கக் கழட்டிட்டு முன்னால ஸ்னோ ப்ளோவர். ஒயில் 5டபிள்யூ 30, பின் சக்கரத்துக்கு சங்கிலி, சக்கரத்துக்குள்ள வெயிட்டு. ப்ளோவர் சுருளப் புடிக்கிற போல்ட் மட்டும் மெல்லிசு, கல்லு சிக்கினா அது உடையணும்னே போட்டது. அத உறுதியான போல்டா மாத்தினா கியர் பொக்ஸ் உடையும். ஈரப் பனில குழாய் அடைக்கும், அப்ப எஞ்சின நிப்பாட்டிட்டு குச்சியாலதான் தள்ளணும், நின்ன பிறகும் சுருள் ஒரு இழுப்பு இழுக்கும்

லெட்சுமி அத்தை 10:44
அங்க பனி தள்ள ஆள் கெடையாதா

பாபு 10:44
நுவரெலியாவுல புல்லு மேல வெள்ளையா விழுந்தாலே நாங்க வேன் புடிச்சுப் போறோம்

சிவா மாமா 10:52
குமார் சொன்ன போல்ட் சங்கதி சரி. நம்ம வேலைக்கு வாங்க. பிளேட்ட எடுத்து அரம் போடு, ஏறக்குறைய 30 பாகை சாய்வு, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஆணி ஒண்ணுல மாட்டித் தொங்கவிடு, ஒரு பக்கம் எறங்கினா அந்தப் பக்கம் இன்னும் தேய். சமமில்லாட்டி டெக் ஆடி பியரிங் போகும். நம்மளது 6203ன்னு நெனைக்கிறேன், உள்வட்டம் 17, வெளிவட்டம் 40 மில்லிமீட்டர். கழட்டின பிறகு நம்பர பாத்து ஹட்டன்லயே எடுத்துக்கலாம், கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பணும்னு இல்ல. பெல்ட் மட்டும் கார் ஃபேன் பெல்ட் போட்டுறாதீங்க. இது வழுக்கிப் புடிக்கிற பெல்ட், கார்து எரிஞ்சிடும்.

பாபு 10:54
பிளேட்ட எந்தப் பக்கம் மாட்டணும்

சிவா மாமா 10:55
வளைஞ்ச நுனி மேல பாத்து. தலைகீழா மாட்டினா புல்லு வெட்டாது, படுக்கத்தான் வைக்கும்.

சிவா மாமா 11:03
இன்னொண்ணு. நம்ம 4000 அடி உயரத்துல காத்து மெல்லிசு. 1000 அடிக்கு 3 வீதம் கிட்ட பலம் கொறையும். 12 குதிரைன்னு எழுதியிருந்தாலும் நமக்குக் கெடைக்கிறது பத்தரைதான். அதனால த்ரொட்டில் முழுசா, கியர் ஒண்ணு. டெக்க மேல் அளவுல வச்சு ஒருக்கா, அடுத்த நாள் எறக்கி ஒருக்கா. ஈரப் புல்லுல போனா டெக் அடியில களிமண் மாதிரி அப்பிடும், பனி காயட்டும், பத்து மணிக்கு மேல எறங்கு. கோயிலுக்குப் பின்னால சரிவுல இத ஏத்தாத. 15 பாகைக்கு மேல சாஞ்சா கவுந்துடலாம். லேசான சரிவுலயும் குறுக்கால ஓட்டாத, மேல கீழதான். ரொம்ப சரிவா இருக்கிற எடத்துக்கு தோள்ல மாட்டுற மிஷின்.

பாபு 11:05
அது யாருகிட்ட இருக்கு

லெட்சுமி அத்தை 11:06
பெட்டரி யாருகிட்ட இருக்கோ அவருகிட்ட

திலகா அக்கா 11:30
ரவி அத்தான் மெசேஜ் பாத்துட்டாரு. ரெண்டு நீலக் கோடு

பாபு 17:45
காபுரேட்டர் கழுவி மாட்டியாச்சு. ஒயில் மாத்தியாச்சு. எலிக்கூடும் போச்சு. பெட்டரி மட்டும்தான்

ரவி அத்தான் 19:18
பெட்டரி என் த்ரீவீல்ல இருக்கு. கழட்டித் தர முடியாது, ஹயர் இருக்கு

சிவா மாமா 19:20
வண்டிய கொண்டாங்க, கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிடலாம். கறுப்பு வயர மிஷினோட பெட்டரி வயர்ல இல்லாம எஞ்சின் உடம்புல புடிங்க

ரவி அத்தான் 19:22
வண்டி நானுஓயாவுல. நாளைக்கு வந்தாலும் வருவேன்

லெட்சுமி அத்தை 19:23
வந்தாலும் வருவாராம்

பாபு 19:25
அப்ப மொத வெட்டு நாளைக்கா வெள்ளியா

திலகா அக்கா 19:26
மொதல்ல சேலை கலர் சொல்லுங்க, கடை எட்டு மணிக்குப் பூட்டிருவாங்க

மாலா சித்தி 19:27
மஞ்சள்

லெட்சுமி அத்தை 19:27
சிவப்பு