ஜெபப்புத்தகத்தில் பாதி ஊர்ப்பெயர்: ஐரிஷ் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

தக்கலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இரண்டு வருஷமாக அயர்லாந்தில், கார்க் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். போன மாதம் போனில், "அம்மா, நம்ம வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு இங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் போனது எனக்கு ரொம்பச் சங்கடம்.

அவர் என் அம்மாச்சியின் தாத்தா. மெட்ராஸில் கம்பெனிப் பட்டாளத்தில் இருந்தார், பிறகு கீரிப்பாறைக்கு மேலே அசம்பு மலைக் காப்பித் தோட்டத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள். கையில் இருப்பது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஜெபப்புத்தகம் ஒன்றுதான். உள்ளங்கை அளவு, அட்டை இல்லை. முதல் தாளில் பென்சிலில் அவர் பெயர், 1871, அதன் கீழே 'பாலி' என்று தொடங்கும் ஒரு சொல், அப்புறம் 'கார்க்'. 'பாலி'க்கு அடுத்த பகுதியைப் பூச்சி அரித்துவிட்டது.

பணம் கட்டி முன்னோரைத் தேடும் இணையதளம் ஒன்றில் ஒரு வருஷம் தேடினேன். அதே பெயரில் பதினேழு பேரைக் காட்டியது. 1922-ல் டப்ளினில் ஆவணமெல்லாம் எரிந்துபோனதாகவும் சொல்கிறார்கள். இனித் தேடிப் பயன் உண்டா?

கோட்டாறு வாத்தியார்:

உண்டு தங்கச்சி. என் மனைவி வழியிலும் ஓர் ஐரிஷ்காரர் இருந்தார். அயர்லாந்துப் பக்கமே நாலு வருஷம் தேடி ஓய்ந்தேன். கடைசியில் அவர் ஊர் கிடைத்தது மெட்ராஸ் காகிதத்தில்!

'பாலி' என்றால் ஐரிஷ் மொழியில் ஊர். அப்படித் தொடங்கும் பெயர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. நம் பக்கம் ஒருவர் '...விளை' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போனால் எந்த விளை என்று தேடுவோம்? அப்படித்தான். 'கார்க்' என்பதும் நகரமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை; அந்நாட்டின் மிகப் பெரிய கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) அதே பெயர். அதற்குள்ளே பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்), பங்குக்குள்ளே டவுன்லேண்ட் என்ற சின்னச் சின்ன நிலப்பிரிவு. தீவு முழுக்க 60,000-க்கு மேல் டவுன்லேண்டுகள். பங்கின் பெயராவது தெரியாமல் அங்கே தேடினால் பதினேழு பேர்தான் வருவார்கள்.

எரிந்தது உண்மை. 1922 ஜூன் 30-ல் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த ஆவணக் காப்பகம் போயிற்று. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பகுதி அதோடு சரி. ஆனால் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயில்களிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையான பக்கங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1847–1864-ல் எடுத்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில், எந்த டவுன்லேண்டில் யார் குடியிருந்தார் என்பதும் கிடைக்கும்.

முதலில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பாருங்கள். கம்பெனிப் பட்டாளத்தில் ஆள் சேர்த்த பதிவேடுகளில் வயது, செய்த தொழில், பிறந்த ஊர் எல்லாம் எழுதியிருப்பார்கள். மெட்ராஸ் மாகாணத்துக் கோயில் பதிவுகள் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் காசில்லாமல் பெயர் தேடலாம். அவர் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற கம்பெனிப் படையில் இருந்திருந்தால், அந்தப் படைதான் 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. தேடும்போது இரண்டு பெயரையும் போடுங்கள்.

குளச்சல் ஜெரி:

ஆன்ட்டி, கல்யாணம் இங்கே நடந்திருந்தால் நம்ம பங்கிலும் கேளுங்கள். கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல்தான் வந்தது. அதற்கு முன் நாமெல்லாம் கொல்லம். பழைய ஏட்டில் பெயர் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் என்றால் யாக்கோபுஸ், வில்லியம் என்றால் குலியெல்முஸ். அயர்லாந்து ஏடுகளிலும் இதே கதைதான். பெயருக்கு முன்னால் வரும் 'ஓ', 'மக்' சில ஏட்டில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

இன்னொன்று. பென்சில் தாளில் பள்ளம் விழ வைக்கும். இருட்டறையில் டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

தக்கலைக்காரி:

ஜெரி, நீ நல்லா இருக்கணும் மக்களே. நேற்று ராத்திரி அப்படியே பார்த்தேன். 'பாலி'க்கு அடுத்து 'டி' தெளிவாகத் தெரிகிறது. நடுவில் ஓட்டை. கடைசி எழுத்து 'பி' போல, உயரமான கோடும் கீழே சின்ன வயிறும்.

கோட்டாறு வாத்தியார்:

கார்க் கவுண்டியின் மேற்குக் கோடியில், ஸ்கிபரீன் பக்கம், பாலிடெஹோப் என்று ஓர் ஊர் உண்டு. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் மிக மோசமாக அடித்த வட்டாரம் அது. நமக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எப்படியோ, அந்த ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு அதற்கும் மேலே. அதை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் பட்டாளத்துக் காகிதமும் அதே ஊரைச் சொல்லும் வரை மகளிடம் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

தக்கலைக்காரி:

சரி அண்ணே, சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் பழைய ஏட்டைக் கேட்கப் போகிறேன். புத்தகத்தையும் துணியில் பொதிந்து எடுத்துப் போகிறேன்.